இரண்டரை மணி நேரப் பாறை

— நிறுத்துங்க, நிறுத்துங்க. "ஆர்ப்பரிக்கும் அலைகளின் நடுவே அஞ்சா நெஞ்சத்துடன்." இந்த அஞ்சா நெஞ்சம் இதோட எத்தனாவது தடவைன்னு தெரியுமா? பென்சில்ல கோடு போட்டுக்கிட்டே வர்றேன். பதினாலு.

— ஒரு கலங்கரை விளக்கத்தோட நூறு வருஷச் சரித்திரம். பதினாலு தடவை வந்தா என்ன குறைஞ்சிடப் போகுது?

— படகுத்துறையில நின்னு பாத்தாலே உங்களுக்குத் தலை சுத்தும். அந்தப் பாறைப் பக்கம் ஒரு தடவையாவது போயிருக்கீங்களா? நம்ம கல்யாணமான வருஷம் பாதி தூரத்துல குடலைக் கக்கிட்டுத் திரும்பி வந்த மனுஷன்தானே. இதுல அஞ்சா நெஞ்சம் ஒரு கேடு.

— இந்தா பாரு. துறைமுக ஆபீஸ்ல முப்பத்தோரு வருஷம் குமாஸ்தாவா இருந்தவன் நான். சரித்திரம் காகிதத்துல இருக்கு. அதைப் படிக்கிறதுக்கு நீச்சல் தெரிய வேண்டியதில்ல.

— நல்லாருக்கு போங்க. சரி, முதல் அத்தியாயத்துக்கு வாங்க. நாலு மணிக்கு அச்சகத்து ஆள் வந்துடுவான். மென்னு முழுங்காம படிங்க, எனக்கும் காதுல விழட்டும்.

— "துறைமுகத்திலிருந்து பதினோரு மைல் தொலைவில் கடலுக்குள் ஒரு தட்டைப் பாறை. நீர் வற்றும் வேளையில் இரண்டரை மணி நேரம் மட்டும் அது தலை காட்டும். மற்ற நேரமெல்லாம் இரண்டாள் ஆழத்தில் பதுங்கிக் கிடக்கும். அதன்மேல் ஏறி உடைந்த கப்பல்கள் நாற்பத்தேழு."

— இது யாரு எழுதினது?

— யாரு எழுதுவா? நான்தான்.

— தேவலையே. எங்கேர்ந்தோ பாத்து எழுதிட்டீங்களோன்னு நினைச்சேன். சரி, நாப்பத்தேழு கப்பல் உடையுற வரைக்கும் துறைமுகத்துப் பெரிய மனுஷங்க என்ன பண்ணிக்கிட்டு இருந்தாங்க?

— அதாவது, "தக்க வழிமுறைகளை ஆலோசித்து வந்தனர்"னு போட்டிருக்கேன்.

— ஆலோசிச்சாங்களாம். நாப்பத்தாறு கப்பல் மீன்காரன் கப்பல், மூட்டை ஏத்துறவன் கப்பல். நாப்பத்தேழாவதுல துறைமுகத் தலைவரோட மருமகன் இருந்தாரு. அடுத்த மாசமே ஆலோசனை முடிஞ்சுபோச்சு. அதை எழுத உங்க பேனாவுக்கு மை பத்தலையா?

— அது மறைமுகமா இருக்கு. "ஒரு துயர நிகழ்வுக்குப் பிறகு"ன்னு இருக்கு பாரு.

— அடேயப்பா. எந்த மருமகன் செத்தாருன்னு உங்க சரித்திரத்தை வச்சு அவரோட பொண்டாட்டியாலகூடக் கண்டுபிடிக்க முடியாது.

— மேல படிக்கவா, வேணாமா?

— படிங்க, படிங்க. மொதல்ல கட்டின இரும்புக் கோபுரத்தைப் பத்தி என்ன அளந்திருக்கீங்கன்னு பாப்போம்.

— "எட்டு இரும்புக் கால்களில் முதல் கோபுரம் எழுந்தது. பதினாலு மாதம் ஒளி வீசியது. மூன்று நாள் புயல் ஓய்ந்ததும் படகில் போனவர்கள் பார்த்தார்கள். பாறை இருந்த இடத்தில் வெறும் நுரை. காலும் இல்லை, கோபுரமும் இல்லை, விளக்கு பார்த்த இரண்டு காவலர்களும் இல்லை. விசாரணைக் குழு இதனை இயற்கையின் சீற்றம் என முடிவு செய்தது."

— அந்தக் காவலருங்க ரெண்டு மாசம் முன்னாடியே எழுதியிருந்தாங்களே, கால் ஆடுது, மேசையில வச்ச டம்ளர் நகந்து போகுதுன்னு. அந்தக் கடுதாசி?

— அதுக்குப் பதில் போயிருக்கு. ஆபீஸ் நகல் நானே பாத்தேன். டம்ளரை மேசையில வைக்காதீங்கன்னு.

— அதை எங்க போட்டீங்க?

— அடிக்குறிப்புல.

— அடிக்குறிப்புல. ரெண்டு பேரு செத்தது அடிக்குறிப்பு. இன்ஜினியர் மீசை வச்சிருந்தது ஒரு முழுப் பக்கம்.

— அது ரெண்டாவது இன்ஜினியர். கல் கோபுரம் கட்டினவரு. அவருக்குச் சிலையே இருக்கு, ஒரு பக்கம் கொடுக்கக் கூடாதா?

— சிலை இருக்குற லட்சணத்தைத்தான் தினம் பாக்குறோமே. கடலைக் காட்டுறேன்னு விரலை நீட்டிக்கிட்டு நிக்கிறாரு. பாறை இருக்குறது அந்தப் பக்கம்கூட இல்ல. சுங்க ஆபீஸ் கக்கூஸுக்கு வழி காட்டிக்கிட்டு இருக்காரு.

— உனக்கு யாரைத்தான் பிடிக்கும்?

— கல்லைத் தூக்கினவனைப் பிடிக்கும். காகிதத்தைத் தூக்கினவனைப் பிடிக்காது. கல் கோபுரத்தைப் படிங்க.

— "கரையிலேயே ஒரு பட்டறை போட்டார்கள். ஒவ்வொரு வரிசைக் கல்லையும் அங்கேயே வெட்டி, விரலோடு விரல் கோத்ததுபோல் ஒன்றை ஒன்று பற்றிக்கொள்ளும்படி செதுக்கி, தரையில் மாட்டிப் பார்த்து, எண் எழுதி, மீண்டும் பிரித்துப் படகில் ஏற்றினார்கள். முதல் வருடம் முழுக்க அஸ்திவாரக் குழி மட்டுமே வெட்ட முடிந்தது. அந்த ஒரு வருடத்தில் பாறைமேல் நின்று வேலை செய்த நேரத்தைக் கூட்டினால் நூற்று முப்பது மணி."

— அங்க கொல்லன் வேலை எழுதலையே.

— எந்தக் கொல்லன்?

— எந்தக் கொல்லனா? அந்தப் பாறை இரும்பு மாதிரிங்க. கால் மணி நேரத்துல உளி மழுங்கிடும். அதைக் காய்ச்சித் தட்டிக் கூராக்குறதுக்குப் பாறை மேலயே ஒரு உலை வச்சிருந்தாங்க. முட்டியளவு தண்ணியில நின்னுக்கிட்டு ஒருத்தன் துருத்தி ஊதினான். தண்ணி ஏற ஏற எல்லாரும் படகுக்கு ஓடுவாங்க, அவன் கடைசி உளியை முடிச்சிட்டுத்தான் நகருவான். அவன் நெருப்பை அவன் அணைச்சதே கிடையாது, கடல்தான் அணைக்கும். அவன் இல்லைன்னா உங்க மீசைக்கார இன்ஜினியர் பாறையை நகத்தால கீறிக்கிட்டு இருந்திருப்பாரு.

— உங்க வீட்ல அந்தக் கல் கோபுரத்து மேஸ்திரியைப் பத்தித்தானே பேசுவாங்க? கொல்லனைப் பத்தி இவ்வளவு தெரிஞ்சு வச்சிருக்கே.

— மேஸ்திரி எங்க கொள்ளுத்தாத்தா. அவரைப் பத்தி எங்க அண்ணன் பேசிப் பேசியே ஊர்க் காதைப் புண்ணாக்கிட்டாரு. நான் வேற பேசணுமா?

— ஏன், மச்சான் சும்மாவா பேசினாரு? பதினோரு வருஷம் மனு கொடுத்து, துறைமுகக் கமிட்டியை ஒத்துக்க வச்சிருக்காரு. வெள்ளிக்கிழமை படகுத்துறையில பித்தளைப் பலகை வைக்கிறாங்க. "தன் இடத்தை விட்டுக்கொடுத்த தலைமை மேஸ்திரி." அதே மேடையிலதான் என் புத்தகமும். உனக்குப் பெருமையா இல்லையா?

— அண்ணன் மேடைக்குன்னு கோட்டு தைச்சிருக்காரு. கழுத்துப் பட்டன் போட்டா மூச்சு வர மாட்டேங்குதாம். பெருமையெல்லாம் அவரே பட்டுக்கட்டும். நீங்க படகு போன நாளைப் படிங்க.

— அதைத்தான் நேத்தே படிச்சியே.

— இன்னொரு தடவை படிங்க. வாய் விட்டு.

— "இரண்டாம் வருடம். பாறைமேல் இருபத்தேழு பேர். மூன்று படகு, படகுக்கு ஒன்பது பேர். நீர் ஏறத் தொடங்கிய வேளையில் அலையின் வேகத்தில் மூன்றாம் படகின் கயிறு அவிழ்ந்து, படகு கடலோடு போயிற்று. எஞ்சிய படகுகளில் ஓர் ஆள் கூடினாலும் கவிழும். மேஸ்திரி தமக்குரிய இடத்தை ஓர் இளம் கல்தச்சனுக்குக் கொடுத்துவிட்டு, ஏழு பேருடன் பாறையிலேயே நின்றார். மார்பளவு நீர் வந்துவிட்டது. தற்செயலாக அன்று குடிநீர் கொண்டுவந்த படகு அவர்களைக் கண்டு காப்பாற்றியது."

— அப்புறம்?

— அப்புறம் கோபுரம் அஞ்சு வருஷத்துல முடிஞ்சுது.

— நடுவுல ஒரு வரியை முழுங்கிட்டீங்க. அச்சுல இருக்கு, உங்க வாயில வரல.

— "மது அருந்தியிருந்த கொல்லன் ஒருவன் கால் தவறிக் கடலில் விழுந்து மாண்டான்." போதுமா?

— போதுமான்னு நீங்கதான் சொல்லணும். சரித்திரம் எழுதினவரு நீங்க. கயிறு தானாவா அவுந்துச்சு?

— அலை வேகம்னு எழுதியிருக்கே.

— அலைக்குக் கை இருக்கா? முடிச்சு அவுக்கத் தெரியுமா?

— இந்தா பாரு, நூறு வருஷம் முன்னாடி நடந்தது. அன்னைக்கு அறிக்கையில என்ன இருக்கோ அதைத்தான் நான் எழுத முடியும்.

— அறிக்கை யாரு எழுதினது?

— இன்ஜினியர்.

— அவரு எங்க இருந்தாரு அப்போ?

— முதல் படகுல.

— முதல் படகுல. எட்டு பேரு மார்பளவு தண்ணியில நிக்கிறாங்க, அவரு முதல் படகுல ஏறி உக்காந்துக்கிட்டு அலை வேகத்தை அளந்துக்கிட்டு இருந்தாரு. அந்த ஆளு எழுதினதை அப்படியே காப்பி அடிக்கிறதுக்குத்தான் மூணு வருஷம் ரெக்கார்டு ரூம்ல தூசி தின்னீங்களா? இதுக்கு ஒரு ஜெராக்ஸ் மெஷின் போதுமே.

— வார்த்தையைப் பாத்துப் பேசு.

— பாத்துத்தான் பேசுறேன். இருபத்தேழு பேரு கண்ணு முன்னாடி வேலை செய்யுறவன் எங்கேர்ந்து குடிச்சான்? பாறை மேல சாராயக் கடையா இருந்துச்சு? இதை ஒரு நிமிஷம் யோசிக்கிற புத்தி முப்பத்தோரு வருஷக் குமாஸ்தாவுக்கு வரலையா?

— சொல்றதைக் கேளு. இதை விட்டுடு. அடுத்த அத்தியாயம் விளக்கு, எண்ணெய், கண்ணாடி. அதுல எழுத்துப் பிழை இருந்தா பாரு.

— எழுத்துப் பிழை பாக்குறதுக்கு நான் எதுக்கு? ஒரு வரி கேட்டா வியர்க்குது உங்களுக்கு. ஃபேன் முழு வேகத்துல ஓடுது, நெத்தியைத் துடைக்கிறீங்க.

— போன் அடிக்குது, இரு. ஹலோ. ஆமா, சரி பாத்துக்கிட்டே இருக்கோம். நாலு மணிக்கு இல்ல தம்பி, நாலரைக்கு அனுப்புங்க. அட்டையா? அட்டை அப்படியே இருக்கட்டும். வெக்கிறேன்.

— அரை மணி நேரம் எதுக்குக் கேட்டீங்க?

— உன் வாய்க்குத்தான்.

— என் வாய்க்கு அரை மணி நேரமெல்லாம் போதாதுன்னு உங்களுக்கே தெரியும். உண்மையைச் சொல்லுங்க. அந்த வரியை எழுதும்போது உங்க கை நிக்கலையா? மத்த பக்கமெல்லாம் கையெழுத்துப் பிரதியில ஒரே ஓட்டமா போகுது. அந்த ஒரு வரியை மட்டும் ஆறு தடவை அடிச்சு எழுதியிருக்கீங்க. நான் பாத்தேன்.

— நீ எதையெல்லாம் பாக்குறே?

— தட்டெழுதிக் கொடுத்தவ நான். வேற யாரு பாப்பா?

— அந்தக் கொல்லன் குடும்பத்தைத் துறைமுகக் குடியிருப்புலேர்ந்து காலி பண்ணச் சொல்லி ஒரு உத்தரவு இருக்கு. செத்து ஒன்பதாவது நாள். "பணி நேரத்தில் மது அருந்தி மரணம்." அந்தம்மா அதே பட்டறையில ஜல்லி உடைக்கப் போயிருக்காங்க. புருஷன் கூராக்கின உளியாலயே கல்லு வெட்டின இடத்துல. அதைப் படிச்சப்ப கை நின்னுச்சு. போதுமா?

— இன்னைக்கும் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி அவங்க இருக்குற வீட்டுக்கு மப்பு வீடுன்னுதான் பேரு. அந்த வீட்டுப் பையன் துறைமுகத்துல வேலைக்குப் போய் நின்னப்ப, "உள்ள வரும்போது வாயை ஊதிக் காட்டு"ன்னு ஒருத்தன் சொன்னானாம். மொத்த ஆபீஸும் சிரிச்சுது. நீங்க அங்கதானே இருந்தீங்க?

— இருந்தேன்.

— சிரிச்சீங்களா?

— எல்லாரோடயும் சேந்து சிரிச்சேன். அப்ப எனக்குத் தெரியாது.

— எது தெரியாது?

— ஒன்னும் இல்ல.

— "அப்ப தெரியாது"ன்னா இப்ப தெரியும்னு அர்த்தம். உங்க தமிழ்தானே, எனக்கும் புரியும்.

— இதை நீ கேக்காம இருந்தா நல்லதும்மா. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்.

— என் நல்லதை நான் பாத்துக்குறேன். உங்களுக்கு முதுகெலும்பு இருக்கான்னு மட்டும் இன்னைக்குத் தெரிஞ்சாகணும். அலமாரியைத் திறக்குறீங்க, மூடுறீங்க. என்ன இருக்கு அதுல?

— டெலிபோன் டைரக்டரி.

— அதை எதுக்குத் தூக்கிட்டு வர்றீங்க?

— உக்காரு. இதுக்குள்ள ஒரு காகிதம் இருக்கு. நீர்மட்டம் குறிக்கிற பழைய ரெஜிஸ்தர் நடுவுல ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. இன்ஜினியர் தனக்காகக் கைப்பட எழுதி வச்ச குறிப்பு. அறிக்கைக்குப் போகாதது. எனக்குக் கிடைச்சு ரெண்டு வருஷம் ஆச்சு.

— படிங்க.

— வேணாம்மா.

— படிங்கன்னு சொல்றேன்ல.

— "மூன்றாம் படகை வழக்கமாகக் கட்டும் படகோட்டிக்கு அன்று காய்ச்சல். கட்டியவர் மேஸ்திரி. வேலை அவசரத்தில் ஒற்றை முடிச்சோடு விட்டுவிட்டதாக அவரே என்னிடம் ஒப்புக்கொண்டார். படகு விலகுவதை முதலில் கண்டவன் கொல்லன். உலையை அப்படியே விட்டுவிட்டு நீரில் குதித்தான். நாற்பது கஜம் நீந்தினான். ஒருமுறை படகின் விளிம்பைப் பற்றிவிட்டான். மேஸ்திரி சத்தம் போட்டு அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். பிறகு ஓர் அலை வந்தது. அதன்பின் அவனை யாரும் காணவில்லை." இவ்வளவுதான்.

— இன்னும் நாலு வரி இருக்கு. மடிச்சுப் பிடிச்சிருக்கீங்க.

— "அவன் குடித்திருக்கவில்லை. பாறைமேல் நல்ல தண்ணீரையே அளந்துதான் கொடுத்தோம். அவன் குடித்திருந்ததாக எழுதிவிடலாமா என்று மேஸ்திரி கேட்டார். கேட்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. கோபுரம் முடியும்வரை அவர் எனக்கு வேண்டும். வேறு கொல்லன் கிடைப்பான். சரி என்றேன்."

— வேறு கொல்லன் கிடைப்பான். என்ன அழகாக் கணக்குப் போட்டிருக்காரு மனுஷன். அந்தச் சிலையோட விரலை ஒடிச்சுக் கடல்ல போட்டாத்தான் என்ன.

— உங்க கொள்ளுத்தாத்தா பாறையில நின்னது பொய் இல்லம்மா. அது நிஜம். தன் இடத்தைக் கொடுத்ததும் நிஜம். குற்ற உணர்ச்சியில நின்னாரோ என்னவோ, நின்னாரு. அதை மட்டும் வச்சுக்குவோமேன்னுதான் நான் இதை மூடி வச்சேன்.

— சாக நின்ன ஆளு, பொழைச்சு வந்ததும் செத்தவன் மேல பழியைப் போட்டிருக்காரு. சாகுறது சுலபமா இருந்திருக்கு, தப்பை ஒத்துக்கிறதுதான் முடியல. வீரமாம், பலகையாம். அந்தப் பித்தளையில ரெண்டு குடம் அடிச்சாலாவது அந்தக் கொல்லன் வீட்டுக்கு உபயோகப்பட்டிருக்கும்.

— தண்ணி கொண்டு வரட்டுமா?

— தண்ணி வேணாம், சிவப்புப் பேனாவை எடுங்க. முப்பத்திரெண்டாம் பக்கம். "மது அருந்தியிருந்த"ங்கிற வரியை அடிங்க. அழுத்தி அடிங்க, கீழ தெரியக் கூடாது. அந்த இடத்துல இந்தக் குறிப்பை ஒரு எழுத்து விடாம போடச் சொல்லுங்க. காகிதத்தைப் படம் எடுத்துப் பக்கத்துலயே போடட்டும்.

— நிதானமா யோசி. வெள்ளிக்கிழமை பலகை வராது. கமிட்டி புத்தகத்தையே நிறுத்தினாலும் நிறுத்தும். மச்சான் இந்த வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டாரு.

— கோட்டைக் கழட்டிட்டு மூச்சாவது விடட்டும். கமிட்டி நிறுத்தினா நாமளே அச்சடிப்போம். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி முதல் பிரதியை நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன். வாசல்லேர்ந்தே துரத்தினாலும் சரி.

— அடிச்சிட்டேன். அழுத்தித்தான் அடிச்சேன், பாரு, தாளே கிழிஞ்சிடுச்சு. எனக்கு ஒன்னு மட்டும் புரியல. இதைப் படிச்சா நீ நொறுங்கிடுவேன்னு ரெண்டு வருஷமா பயந்துக்கிட்டு கிடந்தேன். நீ என்னடான்னா ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லாம பேனாவை எடுன்னு சொல்றே. இந்தப் புத்தகத்தை எழுதுங்க எழுதுங்கன்னு என்னைப் பிடுங்கினவளும் நீதான், எழுதினதுலேர்ந்து என்னைக் குத்திக் கிழிக்கிறவளும் நீதான். உனக்கு என்னதான் வேணும் என்கிட்ட?

— எங்கப்பா ஆஸ்பத்திரியில கடைசி வாரம் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, அந்த முடிச்சைப் போட்டது யாருன்னு சொல்லிட்டுத்தாங்க போனாரு. பத்தொன்பது வருஷமா என் வாயால சொல்லத் துணிவு வராமத்தான், நீங்களா தோண்டி எடுக்கட்டும்னு உங்களை அந்த ரெக்கார்டு ரூமுக்குள்ள அனுப்பினேன்.